சும்மா கிடந்தே சார்ஜ் தீர்ந்த கண்ட்ரோலர்

புதிதாக சர்வீஸ் கடை போட்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டு பார்ப்பது எப்படி, சால்டரிங் பிடிப்பது எப்படி என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதை நீங்கள் போனில் வீடியோ பார்த்தே என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டுவிடுகிறீர்கள். முப்பத்தொரு வருடம் போர்ட் பிளேர் பஜாரில் ரிப்பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவனிடம் உங்களுக்குக் கொடுக்க மிச்சம் இருப்பது அவன் செய்த மடத்தனங்கள்தான். அதில் ஒன்றை எழுதுகிறேன். கடையை மூடி மின்னி பே பகுதியில் வீட்டோடு உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் இதை நினைத்தால் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

நம் தொழிலில் எனக்குப் பிடிக்காத புகார் ஒன்று உண்டென்றால் அது "சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்குது" என்பதுதான். உடைந்த சாமான் உடைந்திருக்கிறது என்று தெரியும். கருகியது நாற்றமடிக்கும். இது அப்படி இல்லை. நம் மேசைக்கு வந்தால் சமர்த்தாக இருக்கும், வீட்டுக்குப் போனால் செத்துப்போகும். வாடிக்கையாளர் நம்மை ஏமாற்றுக்காரன் என்று நினைப்பார், நாம் அவரைக் கிறுக்கு என்று நினைப்போம். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சாமான் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும்.

புரோத்ராபூரிலிருந்து கோமதி என்று ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். அங்கன்வாடியில் வேலை. பேச்சில் தூத்துக்குடிப் பக்கம் இன்னும் போகவில்லை. பையிலிருந்து வயர் இல்லாத கேம் கண்ட்ரோலர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பாய், இந்த கேம் ரிமோட்டுல பட்டன்லாம் ஒட்டுது. அவுகளுக்கு வேணும், சீக்கிரமாப் பாத்துத் தாங்க."

அவுக என்றால் அவருடைய கணவர் செல்வம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கால் தேறிவிட்டது, பேச்சும் கொஞ்சம் குழறினாலும் தேறிவிட்டது, விரல் மட்டும் வரவில்லை. விரலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தார்களாம். "நான் என்ன பால்வாடிப் பிள்ளையா" என்று அதை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாராம். மகள் சென்னைக்குப் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப் போன கேம் பெட்டி டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் கண்ட்ரோலரில் இரண்டு குச்சி இருக்கிறதே, அது கிரேன் லீவர் மாதிரி இருக்கிறது என்று மனிதர் தானாகவே எடுத்திருக்கிறார். கார் ஓட்டுகிற கேம். தினம் விடிந்ததும் டீயைக் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம். இரண்டே வாரத்தில் கட்டைவிரல் மடங்க ஆரம்பித்ததாம்.

"இன்னும் ஆறு வாரத்துல துறைமுகத்துல மெடிக்கல் பாக்காக பாய். கை புடிச்சா கிரேன். புடிக்கலன்னா கிரேன வேற ஆளுக்குக் குடுத்துருவாக. அவுக கிரேன விட்டா இருக்க மாட்டாக."

நான் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கே திறந்து, உப்புப் பூத்திருந்ததைச் சுத்தம் செய்து கொடுத்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. நம் ஊர் ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேமராவை அலமாரியில் பல்பு எரியவிட்டு வைக்கிறவர்கள் நாம். எந்தச் சாமான் ரிப்பேருக்கு வந்தாலும் திருப்பிக் கொடுக்கும்போது நான் ஓதுகிற பாடம் ஒன்று உண்டு. அதை அவருக்கும் ஓதினேன்.

"வேலை முடிஞ்சதும் துடைங்க. துணியில சுத்துங்க. காத்துப் போகாம நல்லா இறுக்கிக் கட்டுங்க. அரிசி டப்பாவுக்குள்ள வைங்க. உப்புக்காத்து அண்டாது."

அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார். "சாயங்காலம் முழுசா சார்ஜ் போடுதேன் பாய். காலையில அவுக எடுத்தா செத்துக் கிடக்கு. யாரும் தொடவே இல்ல. உங்ககிட்ட வந்துட்டுப் போனதுல இருந்துதான் இப்படி."

கடைசி வாக்கியம் என் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? 'நீ கை வைத்துத்தான் கெட்டது' என்று விழுந்தது. பாருங்கள், அந்த அம்மா எனக்குக் கோளாறையே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். உங்களிடம் வந்துபோனதிலிருந்து என்றார். அன்றைக்கு என்னென்ன மாறியது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. "என் கை பட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, பேட்டரி பழசு" என்று சொல்லி பேட்டரியை மாற்றினேன். மேசையில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். ஒரு கோடு சார்ஜ்கூட இறங்கவில்லை. ஜம்பமாகக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த நாளே வந்து நின்றார்.

"வயரோடயே ஆடச் சொல்லுங்களேன்" என்றேன்.

"வயரு இழுக்குற இழுப்பே அவுக கைக்குத் தாங்க மாட்டேங்கு பாய். சார்ஜ் ஏறுற வரைக்கும் பொறுங்கன்னா கேக்க மாட்டேங்காக. காலையில எடுத்து, செத்துக் கெடந்தா தூக்கிப் போட்டுட்டு செவுத்தப் பாக்கப் படுத்துருதாக. அன்னைக்குப் பூரா கையத் தொடவிடல. நான் எட்டு மணிக்கு வேலைக்குப் போகணும்லா?"

வேறு கண்ட்ரோலர் வாங்கலாம் என்றால் அந்தப் பழைய பெட்டிக்கு ஊரில் கிடைக்கிற எதுவும் சேரவில்லை. அவரே பெட்டியைக் கொண்டுவந்து இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்துவிட்டோம்.

மறுபடியும் மேசையில் ஒரு நாள் போட்டேன். சார்ஜ் இம்மி இறங்கவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. அப்போது நான் சொன்னது இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

"கோமதிம்மா, சாமான் சுத்தமா இருக்கு. இங்க எறங்கல, அங்க எறங்குதுன்னா ஒரே அர்த்தம்தான். நீங்க தூங்கின பிறகு யாரோ விளையாடுறாங்க. உங்க வீட்டுக்காரர்தான் ராத்திரி எந்திரிச்சு ஆடுறார் போல."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "அவுகளா?" என்றார். கண்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நேராகப் போய்க் கேட்டிருக்கிறார். ராத்திரி திருட்டுத்தனமாக ஆடிவிட்டு, காலையில் செத்துக்கிடக்கிறது என்று பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்கிறீர்களா என்று. கை வராமல் தவிக்கிற மனிதரிடம் கட்டின மனைவி இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? நான்கு நாள் அவர் கோமதியோடு பேசவில்லை. சாப்பாட்டைக்கூட இடது கையால் தானே போட்டுக்கொண்டாராம். ஒரு மெக்கானிக் தன் மேசையைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவர் வீட்டில் வைத்த தீ அது. உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், உங்கள் கௌரவம் ஒன்றும் கடலில் போய்விடாது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை நான் சரணடைந்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? எங்கே! "உள்ள போர்டுலதான் கசிவு, அதுதான் கரண்டைக் குடிக்குது" என்றேன். எந்த ஆதாரமும் கிடையாது. வாயில் வந்தது. போர்டு மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கப்பலில் போட்டார்கள், கப்பல் கிளம்பவில்லை. தினமும் பார்சல் ஆபீசுக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு வங்காளி குமாஸ்தா. "மௌசம் கராப் ஹை பாய்" என்பான். வானிலை சரியில்லையாம். மறுநாள் கேட்டாலும் அதே வார்த்தை, அதே ராகம். "அரே பாய், சமுந்தர் மேரா ஹை க்யா?" என்று ஒருநாள் என்னிடமே எரிந்து விழுந்தான். கடல் அவனுடையதா என்ன, அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அத்தனை நாளும் கண்ட்ரோலர் என் அலமாரியில் இருந்தது. தினம் அரைகுறையாகவாவது ஆடிக்கொண்டிருக்க வேண்டிய கை, பத்து நாள் மொத்தமாகச் சும்மா இருந்தது. போர்டு வந்தது. மாற்றினேன். மேசையில் வழக்கம்போல சமர்த்து. கொடுத்தேன். மறுநாள் காலை செத்துக்கிடந்தது.

அன்றைக்கு கோமதி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கண்ட்ரோலரை மேசையில் வைத்தார். "ஒரு மாசம் போச்சு பாய்" என்றார். "இன்னும் பன்னெண்டு நாளுதான் இருக்கு. மடங்கின வெரலும் திரும்ப வெறச்சிட்டு வருது. உங்களுக்கு முடியலன்னா முடியலன்னு சொல்லிருங்க, நான் அவுககிட்ட வேற எதாவது சொல்லிப் பாக்கேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு அவரோடேயே பஸ் ஏறினேன். முதல் நாளே ஏறியிருக்க வேண்டிய பஸ்.

சின்ன வீடு. ஹாலில் டிவி, பக்கத்தில் கேம் பெட்டி, எதிரே பிரம்பு நாற்காலியில் செல்வம். நல்ல ஆகிருதி. வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க, கரண்டு குடிக்கிற போர்டு கண்டுபுடிச்ச பாய் நீங்கதானா?" என்றார். நான் அசடு வழிந்தேன்.

கோமதியிடம் சொன்னேன்: "தினம் என்ன செய்வீங்களோ, ஒண்ணுவிடாம அப்படியே செய்ங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கங்க."

சார்ஜ் போட்டார். ஏறுகிற வரை டீ குடித்தோம். பிறகு வயரைக் கழற்றினார், துடைத்தார், பழைய பருத்தித் துண்டில் சுற்றினார், சணல் கயிற்றை எடுத்து முட்டியை ஊன்றி இழுத்து இறுக்கி நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிளாஸ்டிக் டப்பாவில் அரிசிக்குள் புதைத்து மூடினார். "இம்புட்டுதான் பாய்."

நானும் உற்றுப் பார்த்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப சரியாத்தான் கட்டியிருக்கீங்க" என்று பாராட்டினேன். கண்ணுக்கு எதிரே கோளாறு நடந்துகொண்டிருக்கிறது, நான் அதற்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிளக் பாயிண்டைத் தட்டிப் பார்த்தேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன். செல்வத்துக்கு என் முகத்தைப் பார்த்து அலுத்துவிட்டது. நியூஸ் பார்க்கலாம் என்று இடது கையால் டிவி ரிமோட்டை எடுத்து அமுக்கினார்.

டிவியில் நியூஸ் வரவில்லை. கார் வந்தது. சிவப்புக் கார் ஒன்று சுவரில் முட்டிக்கொண்டு நின்று, சக்கரம் சுழலச் சுழலப் புகை கக்கியபடி உறுமிக்கொண்டிருந்தது. யார் கையிலும் கண்ட்ரோலர் இல்லை. அது சமையலறையில் அரிசிக்குள் கிடக்கிறது. மூன்று பேரும் அந்தக் காரையே பார்த்தோம்.

"யா அல்லா" என்று எழுந்து ஓடி டப்பாவைத் திறந்தேன். கயிற்றை அவிழ்த்ததும் கார் நின்றது. மறுபடி இறுக்கினேன். உறுமியது.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். கயிறு இறுகிய இறுக்கத்தில், ஆன் செய்கிற நடு பட்டன் அமுங்கி கண்ட்ரோலர் விழித்துக்கொள்கிறது. முன்பக்கத்தில் கார் வேகத்துக்கான விசையும் அமுங்கியே இருக்கிறது. யாரும் தொடாவிட்டால் தானாகத் தூங்கிவிடுகிற சாதனம்தான் அது. ஆனால் விசை அமுங்கியிருந்தால் யாரோ ஆடுகிறார் என்றுதானே அது நினைக்கும்? அவர்கள் டிவியை மட்டும்தான் அணைப்பார்கள், பக்கத்துப் பெட்டி அணைவதே இல்லை. கட்டி வைப்பது படுக்கப் போகும்போதுதான் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. ராத்திரி முழுக்க இருட்டு டிவிக்குள் அந்தக் கார் சுவரில் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. என் மேசையில் துணியும் இல்லை, கயிறும் இல்லை. பிறகு எப்படிச் சார்ஜ் இறங்கும்?

என் புத்தி அப்போதும் எப்படிப் போனது பாருங்கள். "ஏம்மா, இவ்வளவு இறுக்கியா கட்டுவாங்க?" என்று வாய் கேட்டுவிட்டது.

கோமதி என்னையே பார்த்தார். "வேலை முடிஞ்சதும் துடைங்க. துணியில சுத்துங்க. காத்துப் போகாம நல்லா இறுக்கிக் கட்டுங்க. அரிசி டப்பாவுக்குள்ள வைங்க" என்றார். என் குரலிலேயே, ஒரு சொல் பிசகாமல். "நீங்க சொன்னீகன்னுதான பாய் தெனமும் முட்டிய ஊனிக் கட்டுனேன்."

செல்வம் என் பக்கமே திரும்பவில்லை. மனைவியைத்தான் பார்த்தார். "ஏட்டி கோமதி, ராத்திரி நான் ஆடலன்னு இப்பவாது நம்புதியா?" என்றார். அந்த அம்மா அரிசி டப்பாவைப் பிடித்தபடி அழுதுவிட்டார். "தப்பு என் மேலதான்ம்மா, அப்படிச் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றேன். சொன்னேனே தவிர, அது எங்கள் மூன்று பேரில் யாருக்கும் போதவில்லை.

அதற்குப் பிறகு கண்ட்ரோலர் மேசைமேல் வெறுமனே கிடந்தது. உப்புக்காற்று அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டாயிற்று. ஒருநாள்கூடச் சார்ஜ் இறங்கவில்லை. செல்வம் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று வெறி பிடித்தாற்போல ஆடினார். பன்னிரண்டு நாள். என்ன ஆடினாலும் பன்னிரண்டு நாள் பன்னிரண்டு நாள்தான். மெடிக்கலில் பிடி நிற்கவில்லை. விரல் நன்றாகத் தேறி வருகிறது, ஆனால் தலைக்கு மேல் டன் கணக்கில் சரக்குத் தூக்குகிற லீவரை இந்தக் கையில் இன்னும் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அவர் சொன்னதில் தவறே இல்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அவரை லைட் டியூட்டியில் துறைமுகக் கேட்டுக்குப் போட்டார்கள். கிரேனில் வேறு ஆள் ஏறிவிட்டார்.

ஆகவே தம்பி, தங்கை, "சும்மா இருக்கும்போது சார்ஜ் இறங்குது" என்று யாராவது வந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். சும்மா இருக்கும்போது அது எங்கே இருக்கிறது, எதற்குள் இருக்கிறது, எதன் மேல் படுத்திருக்கிறது, எப்போதிலிருந்து இப்படி என்று கேளுங்கள். அவ்வளவு தூரம் வண்டூரிலிருந்து வந்திருந்தாலும் சரி, ஒரு நடை போய்ப் பாருங்கள். நீங்கள் சொன்ன யோசனையையும் சந்தேகப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். மனிதர்கள் நம்மை நம்பி, நாம் நினைத்ததைவிடப் பத்து மடங்கு சிரத்தையாக அதைச் செய்துவிடுகிறார்கள்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு பார்சல் எடுக்கத் துறைமுகத்துக்குப் போனேன். கேட்டில் செல்வம் நின்றிருந்தார். பார்க்காததுபோலப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பாஸ் காட்டாமல் உள்ளே போக முடியாதே. நீட்டினேன். வாங்கிப் பார்த்து, ரிஜிஸ்டரில் என் பெயரை எழுதினார். வலது கையால்தான் எழுதினார். எழுத்து நெளியவில்லை. என்னைவிட அழகான கையெழுத்து.

"கை எப்படி இருக்கு செல்வம்?" என்று கேட்டேன்.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். வலது கையை என் முன்னால் நீட்டி, ஐந்து விரலையும் மடக்கி, பிரித்துக் காட்டினார்.

"கை வந்துட்டு பாய்" என்றார். "கிரேனுதான் போயிட்டு."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பாஸை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் கேட்டைத் தூக்கப் போனார்.